‘நாலாவது ஷிப்ட்’ இதழும் ஆர்.வி. 317-உம்

2009 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. எனக்கு ‘ஏ’ ஷிப்ட். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை. நாலே காலுக்கு எழுந்தேன். குளித்தேன். பழைய சோறும் எலுமிச்சை ஊறுகாயும். ஐந்து பத்துக்குத் திருவொற்றியூர் தேரடியில் கம்பெனி பஸ். ஐந்து நாற்பதுக்கு மணலியில் கார்டு பஞ்ச். ஐந்து ஐம்பதுக்குக் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பு வாங்கினேன். இரண்டு பம்புகள் ஓட்டத்தில், ஒன்று ஓய்வில். ஆறு மணி ரீடிங், ஏழு மணி ரீடிங். ஏழரைக்கு டீ. எட்டு, ஒன்பது, பத்து மணி ரீடிங்குகள். பத்து இருபதுக்கு இன்டர்காம் அடித்தது. பிளான்ட் மேனேஜர் வரதராஜன் கூப்பிடுகிறார் என்றார்கள்.

அறைக்குள் போனேன். அவர் மேசையில் எங்கள் பத்திரிகை கிடந்தது. ‘நாலாவது ஷிப்ட்’, பதினோராவது இதழ். பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து, ஒரு வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்திருந்தார்.

என் டைரியில் அன்றைக்கு ஆறு பக்கம் இருக்கிறது. அதை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் ராயபுரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். அறிவியல் புனைகதைக்கு ரசிகர் இதழ் நடத்துகிறவர்கள் கூடியிருந்தார்கள். நான் தொடங்கிய காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. இன்று கைவிரல்களில் அடங்கவில்லை. சில அச்சில் வருகின்றன, சில போனில். மேடையில் ஒருவர் இந்த இதழ்களின் எழுச்சியைப் பற்றிப் பேசினார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, ஆங்கிலத்தில் படித்தவர்கள் தமிழில் எழுதத் தொடங்கினார்கள், நகரத்தின் தெற்கில் பிறந்து மெல்ல வடக்கே பரவியது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. வெளியே வந்ததும் இரண்டு மூன்று இதழாசிரியர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, “சார், நீங்க எழுதி வெக்கலன்னா அவர் சொன்னதுதான் நிக்கும்” என்றார்கள்.

எழுதுகிறேன். தெற்கிலிருந்து எதுவும் பரவவில்லை. எங்களுடையது மணலி பஸ்ஸில் தொடங்கியது.

நான் டிப்ளமா முடித்து அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தவன். முதல் வருடம் வால்வு திருப்பினேன். இரண்டாம் வருடம் எந்த வால்வைத் திருப்பக் கூடாது என்று கற்றேன். அப்புறம் கட்டுப்பாட்டு அறையின் பேனலில் உட்காரவைத்தார்கள். பயிற்சிக்காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பத்து நான்காம் வயதில் முன்கூட்டியே ஓய்வு வாங்கினேன். தொழிற்சாலையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

விண்வெளிக் கதை படிக்கிற கூட்டம் ஒன்று எங்கள் பஸ்ஸில் இருந்தது. ஏன் எங்களுக்கு அது பிடித்தது என்று பலர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். முகமூடியும் மூச்சுக் கருவியும் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, அம்மோனியாத் தொட்டிக்குள் இறங்கியவன் விண்வெளி உடை என்றால் என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டாம். வெளியே காற்று இல்லாத இடத்தில், ஒரு சுவருக்குள், ஒரு எந்திரத்தை நம்பி உயிரோடு இருப்பது எங்களுக்கு எட்டு மணி நேர வேலை. நாங்கள் படித்த கதைகளில் இருந்த கப்பல்களில்தான் யாருமே வால்வுக்கு கிரீஸ் போடவில்லை. குழாயில் கசிவே இல்லை. ஷிப்ட் மாறும்போது யாரும் யாரிடமும் பொறுப்பு ஒப்படைக்கவில்லை. அதனால் நாங்களே எழுதத் தொடங்கினோம். தொழிற்சாலையில் ஷிப்ட் மூன்று. எழுதுவது நாலாவது.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் முதல் இதழ் எடுத்தோம். நடுவில் இரண்டு பின். ஒரு பெரிய பத்திரிகையின் ஆசிரியருக்கு அனுப்பி வைத்தேன். உங்கள் கதைகளில் தொழிற்சாலை வாடை தூக்கலாக இருக்கிறது, கற்பனை பறக்கவில்லை என்று பதில் எழுதினார். ‘தொழிற்சாலை வாடை தூக்கலாக இருக்கும்’ என்று இரண்டாம் இதழின் அட்டையிலேயே போட்டோம்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் எங்களை இதழாக்கியது. எந்தக் கதையும் நேரே ஜெராக்ஸுக்குப் போகாது. ‘ஏ’ ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் நான் நின்றுகொண்டு உரக்கப் படிப்பேன். எழுதியவர் பெயர் சொல்ல மாட்டேன். அவர் பஸ்ஸில் இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்பவர்களில் யாருக்காவது எந்திரம் தப்பாகப் பட்டால், அறிவியல் உதைத்தால், “ட்ரிப்!” என்று கத்தலாம். பிளான்ட்டில் ஏதாவது எல்லை மீறினால் எந்திரம் தானே நின்றுவிடும் அல்லவா, அதுதான் ட்ரிப். யாராவது அப்படிக் கத்தினால் படிப்பதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். குறையைக் குறித்துக்கொண்டு எழுதியவரிடம் தனியாகச் சொல்வேன். சரிசெய்து வந்தால் மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பேன். கடைசி வரிவரை ட்ரிப் ஆகாமல் ஓடினால்தான் இதழில் இடம். நான் எழுதிய கதை ஒன்று ஒன்பது தடவை ட்ரிப் ஆகி, பத்தாவது தடவை நானே கைவிட்டேன்.

அதிகம் ட்ரிப் சொல்பவர் குப்புசாமி. எண்ணூர்க் குப்பத்துக்காரர், பரம்பரையாகக் கடலுக்குப் போகிற குடும்பம், இவர் மட்டும் ஃபிட்டர் ஆனார். வெற்றிடத்தில் சுத்தியல் சத்தம் கேட்டதாக ஒருவர் எழுதியபோது, “ட்ரிப்பு! காத்தே இல்லாத எடத்துல சத்தம் எப்டி மாமு வரும்? இவன் காதுல இன்னா கீது?” என்று எழுந்து நின்றார். கண்டக்டர் அவரை உட்காரச் சொன்னதற்கு, “நீ இன்னாய்யா, விசிலு வுட்டுகினு இரு. விஞ்ஞானம் பேசிகினு இருக்கோம்” என்றார்.

பதினோராம் இதழுக்கு ஒரு கதை வந்தது. எழுதியவர் ஸ்டெல்லா. ராயபுரத்துக்காரர், கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் லேபில் ஒப்பந்தப் பணியாளர். சாம்பிள் எடுப்பது வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குப்பிகளைக் கம்பிக் கூடையில் வைத்துக்கொண்டு பிளான்ட்டைச் சுற்றி வர வேண்டும். சாம்பிள் எடுக்க நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. ஆகவே ஸ்டெல்லா தன் கதையை யார் எப்படிக் கேட்டார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. லேப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி, மடித்து, சாம்பிள் சீட்டோடு சேர்த்துக் கட்டுப்பாட்டு அறையில் என்னிடம் நீட்டினார்.

“இன்னா இது?”

“கதைண்ணே. படிச்சுட்டு கிழிச்சிப் போடு. நல்லாக்கீதுன்னா கிழிக்காத.”

கதை சனி கிரகத்தின் ஒரு நிலாவில் நடக்கிறது. பனியைக் கரைத்துக் காற்று தயாரிக்கும் தொழிற்சாலை. அங்கே சாம்பிள் எடுக்கும் அமலா என்ற பெண்ணுக்குத் தினமும் ஒரே இடத்தில் நெடி அடிக்கிறது. பூமியில் இருக்கும் அதிகாரிகளுக்குச் சொல்கிறாள். முதல் தடவை பஸ்ஸில் படித்தபோது நான்காவது நிமிடத்தில் ட்ரிப் ஆனது. “சனிலேர்ந்து பேசுனா இவரு உடனே அலோன்றாரா? ஒளியே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்!” ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மறுநாளே திருத்தி வந்தார். இப்போது அமலா சொன்னது பூமிக்குப் போய், பூமியின் பதில் திரும்பி வருவதற்குள் பக்கத்து அறைக்காரர்கள் மயங்கி விழுந்துவிடுகிறார்கள். அப்போதுதான் பதில் வந்து சேர்கிறது: ‘நார்மல்.’ படித்து முடித்தேன். நான் உட்காரப்போனேன். அப்போது குப்புசாமி கையைத் தூக்கினார்.

“ட்ரிப்பு. கதை சோக்கா கீது, இல்லேன்னு சொல்லல. ஆனா வால்வு கசியுதுன்னு எயுதிக்கீறாரு. எந்த வால்வு? நம்பரு இன்னா? நம்பர் இல்லாம எவன் பர்மிட் போடுவான், எவன் ஸ்பானரத் தூக்குவான்?”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். எண் இல்லாத வால்வை எங்கள் ஆட்களால் நம்ப முடியாது.

ஸ்டெல்லாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு வால்வு எண்கள் தெரியாது; வேலைக்குத் தேவையில்லை. ஒரே ஒரு எண் மட்டும் மனப்பாடம். தினமும் நான்காவது சாம்பிள் முனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது கண்ணுக்கு நேரே தொங்கும் தகட்டில் இருந்தது. அதைச் சொன்னார். ஆர்.வி. 317.

பாதுகாப்பு வால்வு அது. குழாயில் அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்க வேண்டும். மற்ற நேரத்தில் இறுக மூடியிருக்க வேண்டும். மூடியிருக்கும்போதே கசிந்தால் அதை ‘பாஸிங்’ என்போம். 317 பாஸிங்.

எனக்கு அந்த எண் தெரியும். கேட்டவுடன் தெரிந்தது. வேறு எண் போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த எண்ணோடு மறுபடி பஸ்ஸில் படித்தேன்; ட்ரிப் ஆகாமல் ஓடியது. வேலை அவசரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். டைரி அப்படிச் சொல்லவில்லை. அன்றைய தேதியில், ‘317 என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன்’ என்று எழுதியிருக்கிறேன்.

இனி மேனேஜர் அறை.

வரதராஜனைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் கத்துகிற ஆள் அல்ல. பத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூட யாரையும் ‘டா’ போட்டு நான் கேட்டதில்லை. எதைப் படித்தாலும் வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் படிப்பார். பச்சை மையில் திருத்துவார். கூப்பிட்டால் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுக்கச் சொல்வார். பிளான்ட்டை நிறுத்துவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஒரு வால்வைக் கழற்ற வேண்டுமென்றால் அந்தப் பகுதியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவர் மேலே பதில் சொல்ல வேண்டும்.

“உக்காருங்க. கதை நல்லா இருக்கு. யார் எழுதினது?”

“இதழ்ல போட்டிருக்கிற பேர்தான் சார். விண்மதி.”

“அது புனைபெயர். நிஜப் பேர்?”

“அத நாங்க சொல்றதில்ல சார். முதல் இதழ்லேர்ந்தே வழக்கம்.”

ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்தினார். “இதுல நம்ம வால்வு நம்பர் இருக்கு.”

“கதை சனி கிரகத்தோட நிலாவுல நடக்குது சார்.”

“சிகாமணி, நான் விளையாடல. 317 பாஸிங்னு இதுல இருக்கு.”

அப்போது எனக்கு ஒரு தைரியம் வந்தது. “நம்ம 317 பாஸிங்கா சார்? அப்படின்னா அத எழுத்துல குடுங்க. நான் பேரக் குடுக்குறேன்.”

பதிலடி கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து, ஷிப்டுக்கு ஷிப்ட் நாங்கள் ரீடிங் எழுதும் லாக் புத்தகங்களை எடுத்து, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார்.

“லாக்ல பாஸிங்னு எங்கயும் இல்ல. நார்மல், நார்மல், நார்மல். எல்லாம் உங்க கையெழுத்து. அப்போ இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? பேனல்ல இருக்கிற உங்களுக்கே தெரியல. தெனம் அந்த முனைக்குப் போற ஆளுக்குத்தான் தெரியும். அங்க போறது சாம்பிள் எடுக்குற நாலு பேர்தான்.” தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார். “கம்பெனி விஷயத்த வெளில கொண்டுபோனது யாருன்னு நாளைக்குக் காலைல ஏழு மணிக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலன்னா நாலு பேர் கேட் பாஸையும் நிறுத்திடுவேன். ஒருத்தருக்காக நாலு பேர் போகணுமான்னு யோசிங்க.”

வெளியே வந்தேன். பதினொரு மணி ரீடிங் எடுக்க ஐந்து நிமிடம் தாமதமானது.

அவர் காட்டிய பக்கங்களின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஜனவரி 12-ஆம் தேதி 317 பாஸிங் என்று லாக்கில் நான் எழுதினேன். அன்று மதியம் அவர் பச்சை மையில் அதை அடித்து ‘நார்மல்’ என்று எழுதி, பக்கத்தில் என்னைச் சுருக்கொப்பம் போடச் சொன்னார். போட்டேன். 13-ஆம் தேதி மறுபடி எழுதினேன். மறுபடி பச்சை மை. மறுபடி போட்டேன். பிறகு அந்த இரண்டு பக்கங்களையும் சுத்தமாகப் படியெடுக்கச் சொன்னார். செய்தேன். அதற்கப்புறம் பச்சை மைக்கு வேலையே இல்லை. நார்மல் என்று நானே எழுதினேன். நாற்பத்தோரு ஷிப்டுகள். டைரியைப் பார்த்து எண்ணினேன்.

இரண்டு பத்துக்கு ஒப்பந்தக்காரர்கள் வெளியேறும் கேட்டில் போய் நின்றேன். ஸ்டெல்லா டிபன் பையோடு வந்தார்.

“இன்னாண்ணே, உன் கேட்டு அந்தாண்ட கீது. வயி மாறிப் பூட்டியா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரேயடியாகப் போய்விட்டது.

“நாலு பேருமா? பார்வதியக்காவுமா? அதுக்கு எயுதப் படிக்கவே தெரியாதுண்ணே. கையெயுத்துப் போடவே இப்பத்தான் நான் கத்துக் குடுத்துகினு கீறேன்.”

“பேர நான் சொல்லல.”

“அத வுடு. நான் ஒண்ணு கேக்குறேன், மயுப்பாம சொல்லு. நான் நம்பர் சொன்னப்போ அது எந்த வால்வுன்னு உனுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினே வுட்டியா?”

“விட்டேன்.”

“ஏன்?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார்.

“நீ எயுத வேண்டியத என்ன வுட்டு எயுத வச்சுட்ட. உன் புக்குல நார்மலு, என் கதையில நாத்தம். நல்லாக்கீதுண்ணே உன் பத்திரிக. நீ பர்மனெண்ட்டு. உன்ன கூப்ட்டுத் தண்ணி குடுத்துத் திட்டுவாங்கோ. என்ன கேட்லயே நிக்க வச்சு தொரத்துவாங்கோ.” பையை மாற்றிப் பிடித்தார். “காலைல நானே போயி நான்தான்னு சொல்லிடறேன். மூணு பேராவது வேலைல இருக்கட்டும்.”

“ஏழு மணி வரைக்கும் சொல்லாத. எனக்காக.”

“உனக்காகவா!” என்றார். ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

இரண்டரைக்குப் புறப்படும் பஸ்ஸை ஓடிப் பிடித்தேன். குப்புசாமி எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்.

“இன்னா மாமு, மூஞ்சி ட்ரிப் ஆயிக்கீது?”

எழுதியவரின் பெயரைத் தவிர மற்றதைச் சொன்னேன். அவர் முன்சீட்டின் கம்பியைப் பிடித்தபடி கேட்டார்.

“நம்பர் கேட்டது நான்தான? அப்போ நான் எயுதுனேன்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்.”

“உன் லீவு லெட்டரையே நான்தான் எழுதித் தர்றேன்னு அவருக்குத் தெரியும்.”

“ஆமால்ல.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இன்னா பேஜாரு மாமு இது? அந்த வால்வு பாஸிங்னு எனுக்குத் தெரியும். ஸ்டோருல கீறவனுக்குத் தெரியும். கேன்டீன்ல டீ ஊத்தறவனுக்கு அந்தப் பக்கமா காத்தடிச்சா தெரியும். உன் புக்குக்கு மட்டுந்தான் தெரியாது.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். அன்று பஸ்ஸில் நான் கதை படிக்கவில்லை.

இதழ் தொடங்கியதிலிருந்து எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. ஒரு எந்திரத்தைத் தப்பாக எழுதினால் விட மாட்டோம், ஒளி எவ்வளவு நேரத்தில் வரும் என்பதில்கூட விட மாட்டோம் என்று. பஸ்ஸில் அவ்வளவு கறாராக இருந்தவன், பேனலில் உட்கார்ந்து நாற்பத்தோரு முறை பொய் எழுதியிருக்கிறேன். அதை ஒருவரும் ட்ரிப் செய்யவில்லை. கதை எழுதிய பெண்தான் செய்தார். அதற்கு அவர் வேலையைப் பணயமாக வைத்து, நான் ஆசிரியர் என்று அட்டையில் பெயர் போட்டுக்கொண்டேன்.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலு பாஸும் நிற்கவில்லை. யார் எழுதியது என்று வரதராஜன் அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதில் பொருள் இல்லாமல் போய்விட்டது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பேனலிலிருந்து எடுத்துப் பின்பக்கச் சேமிப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் அங்கே டேங்கர் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடிதத்தை வைத்திருக்கிறேன், விருது எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை, அதனால் அதைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். பன்னிரண்டாவது நாள் அந்தப் பகுதியை நிறுத்தி 317-ஐக் கழற்றினார்கள். கழற்றியவர் குப்புசாமி. உள்ளே மூடி அமரும் வளையத்தில் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்ததாகச் சொன்னார்.

பதினோராம் இதழை நாங்கள் மறுபடி ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களே எடுத்தார்கள். எண்ணூரில் அனல்மின் நிலையத்துக்காரர்கள் எடுத்தார்கள், துறைமுகத்தில் எடுத்தார்கள், மாத்தூரில் ஒரு டுடோரியலில் எடுத்தார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்து எழுத்து மங்கிய பக்கங்களை நானே பார்த்திருக்கிறேன். 317 என்ற எண்ணை மட்டும் யாரோ பேனாவால் மேலே எழுதித் தெளிவாக்கியிருந்தார்கள். அந்த வருடமே எண்ணூர்க்காரர்கள் சொந்தமாக ஓர் இதழ் தொடங்கினார்கள். அப்புறம் புளியந்தோப்பில் ஒன்று. சாம்பல் கொட்டும் கிரகம், கப்பலே வராத துறைமுகம், நகரத்துக்குக் குளிரை விற்கும் கம்பெனி என்று அவர்கள் எழுதியவை எதுவும் தெற்கிலிருந்து இரவல் வாங்கியவை அல்ல. எல்லோரும் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான்: சத்தமாகப் படிப்பார்கள், ட்ரிப் சொல்வார்கள். மேடையில் பேசியவர் இன்றைய இதழ்கள் எல்லாவற்றிலும் ‘ட்ரிப் பக்கம்’ என்று ஒன்று வருவதை வியந்து சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

ஸ்டெல்லா என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. சாம்பிள் சீட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒன்பதாவது மாதம் சீட்டோடு இன்னொரு கதை வந்தது. மேலே விண்மதி என்று இல்லை. ஸ்டெல்லா, ராயபுரம் என்று இருந்தது. இப்போது அவரே ராயபுரத்திலிருந்து ஓர் இதழ் நடத்துகிறார். நான் அனுப்பிய கதையை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை எழுதிய குறிப்பு: ‘எந்திரம் சரியாக இருக்கிறது. ஆள் பொய் சொல்கிறான்.’

ஆக, இந்த இதழ்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். காற்றை மூக்கால் சோதிக்க வேண்டியிருந்த இடத்திலிருந்து வந்தன. சொல்ல வேண்டிய புத்தகத்தில் சொல்லாமல் விட்டவர்கள் இருந்த இடத்திலிருந்து வந்தன. அந்த இரண்டாம் வகையில் நானும் ஒருவன். அதனால் சாட்சி சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

மார்ச் 18, புதன்கிழமை. நாலே காலுக்கு எழுந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. ஐந்து ஐம்பதுக்குப் பேனலுக்கு வந்து, பொறுப்பு வாங்கிக்கொண்டு, ரீடிங் எடுப்பதற்கு முன்பாக லாக்கைத் திறந்தேன். லாக் தாள் ஐந்து பிரதி, நடுவில் கார்பன். ஆறரைக்குக் கிழித்து பாதுகாப்புப் பிரிவுக்கும், லேபுக்கும், பராமரிப்புக்கும், மேனேஜருக்கும் ஒவ்வொன்று போகும். ஐந்தாவது புத்தகத்திலேயே தங்கும். ஜனவரியில் இரண்டு நாளும் நான் எழுதியது பிரதிகள் போன பிறகு, எட்டு மணி ரீடிங்கில். ஆறரைக்கு முன் எழுதியதை எந்தப் பச்சை மையாலும் ஐந்து பிரதியிலும் ஒரே நேரத்தில் அடிக்க முடியாது.

எழுதினேன்: ‘06.02. ஆர்.வி. 317 பாஸிங். நான்காம் சாம்பிள் முனையில் அம்மோனியா நெடி. ஜனவரி 12 முதல் எனக்குத் தெரியும். நார்மல் என்று இதுவரை எழுதியவை பொய். எழுதியவன் நான்.’

கீழே சுருக்கொப்பம் போடவில்லை. ந. தெய்வசிகாமணி என்று முழுப் பெயரையும் எழுதினேன், ஐந்தாவது தாள்வரை விழும்படி பேனாவை அழுத்தி.